ஈட்டி

சனிக்கிழமை ஐந்தாம் ஃபிரெட்டின் ஓரம்
ஆள்காட்டி விரலின் அடியைக் கீறியது.
ரத்தம் இல்லை. வெள்ளையாய் ஒரு கோடு.
தை மாதம் கோத்தகிரியில் மரம் சுருங்குகிறது,
இரும்பு சுருங்குவதில்லை,
அவ்வளவுதான் விஷயம்.

இன்று ஒத்திகை கிடையாது.
டிரம் குச்சிகளை என் வீட்டில் போட்டுவிட்டு
ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போய்விட்டான் போஜன்.
பேரகணி பஸ்ஸில் வெள்ளை வெள்ளையாய்க் கூட்டம்,
அதில் எது அவன் என்று தெரியவில்லை,
பொதுவாகக் கையசைத்து வைத்தேன்.

கம்பிகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினேன்.
ஆறாவது கழன்றதும்
கழுத்து ஒரு சத்தம் போட்டது,
மூட்டை இறக்கியவர் முதுகில் கேட்கிற மாதிரி.

என்ன எண்ணெய் என்பதில் ஊருக்கு நூறு கருத்து.
தேங்காய் எண்ணெய் போடு என்றாள் பக்கத்து வீட்டு ரூபி.
என் பாட்டில் ஜன்னலில்
மெழுகுவர்த்தியாய் உறைந்து நிற்கிறது.
தைலம் போடச் சொன்னவர் தைலம் காய்ச்சுகிறவர்,
அவருக்கு சளிக்கும் அதுதான், மூட்டுக்கும் அதுதான்,
கரையானுக்கும் அதுதான்.
ஃபாக்டரி மெக்கானிக் கிரீஸ் டப்பாவையே நீட்டினார்.
கோயம்புத்தூரில் வாங்கிய எலுமிச்சை எண்ணெய்
எலுமிச்சையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று
லேபிளிலேயே ஒத்துக்கொள்கிறது.
அது போதும். ஐந்து சொட்டு.

அதற்கு முன் பிக்கப் மேல் டேப் ஒட்ட வேண்டும்.
போன தடவை ஒட்டவில்லை.
இரும்புப் பஞ்சின் தூள் காந்தத்தில் மீசையாய் முளைத்து
மார்ச் வரை கரகரத்தது.

மரத்தின் ரேகையோடு தேய்க்கிறேன்.
கறுப்பு வருகிறது.
மூன்றாவது ஃபிரெட்டில் தடிமனாய்,
ஏழில் கொஞ்சம்,
பன்னிரண்டைத் தாண்டினால் வெறும் தூசி.
டெரன்ஸ், மேலே போய் வாசித்ததாய்ச் சொன்னதெல்லாம் பொய்யா?
பதினேழின் புள்ளிக்குப் பக்கத்தில்
ஒரு விரல் தடம்கூட இல்லையே.

சிரித்துக்கொண்டேதான் தேய்த்தேன்.
பிறகு கணக்குப் பார்த்தேன்.
அவன் வைத்திருந்தது இரண்டு வருடம்.
என்னிடம் ஏழு.
இலை எடை போட்ட கையைக் கழுவாமல் எடுத்தது யார்?
மூன்றாவது ஃபிரெட்டை விட்டு நகராதது யார்?

பஞ்சைத் திருப்பிப் பிடித்து
இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன்.

இது ஈட்டி மரம் என்றான் விற்கும்போது.
கூடலூர்ச் சரிவில் நின்று, கப்பலேறி,
எங்கோ பலகையாகி
மறுபடி மலையேறி வந்திருக்கலாம்.
வராமலும் இருக்கலாம்,
மரம் பாஸ்போர்ட் வைத்துக்கொள்வதில்லை.
எண்ணெய் பட்டதும்
சாம்பல் நிறம் விலகி
கொதிநீர் ஊற்றிய தூள் போல்
உள்ளிருந்து சிவந்தது.
பத்து நிமிடம் குடிக்க விட்டேன்.
குடிக்காததைத் துடைத்தேன்.

புதுக் கம்பி. சுதி சேர்த்தேன்.
முதல் ஃபிரெட்டில் ஈ மாதிரி ஓர் இரைச்சல்.
மழையில் முன்னால் குனிகிற கழுத்து
பனியில் பின்னால் நிமிர்கிறது.
உள்ளே ஓடும் இரும்புக் கம்பிக்கு
ஆலன் கீயால் இடப்பக்கம் கால் சுற்று.
கால் என்றால் கால்.
அரை சுற்று சுற்றத் துடிக்கும் கையைப் பிடிக்க ஆளில்லை,
நானே பிடித்துக்கொண்டேன்.
ராத்திரி முழுக்க விட வேண்டும்.
மரம் யோசித்துத்தான் வளையும்.

காலை. புல்லில் உறைபனி. கரண்ட் இல்லை.
ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார்
அடுத்த அறையில் யாரோ ரகசியம் பேசுகிற அளவுக்குத்தான் கேட்கும்.
முதல் ஃபிரெட் சுத்தம்.

பதினேழுக்குப் போனேன்.
அங்கே எனக்கு ஒன்றும் தெரியாது.
ஒரு விரலை வைத்து
வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன்,
அழுக்காகட்டும்.